பே ஷீட் உள்ள மணமகள் தேவை

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போய், 'தர முடியாது' என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அதைச் சொன்ன அதிகாரிக்கே ஆறுதலும் சொல்லிவிட்டு வந்த மனிதர் இந்தத் தீவில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் சங்கீதம்.

"பாவம் மாஸ்டர். சொல்றப்ப அந்த ஆபிசர் சேருக்கு நெத்தியெல்லாம் வேர்த்துப்போச்சு. நான்தான் 'பரவாயில்ல சேர், கொஞ்சம் தண்ணி குடிங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார் என்னிடம்.

சங்கீதம் என்பது அவருடைய பெயர் அல்ல. உண்மையான பெயர் பதுளையில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவர் பேக்கரியில் பாண் ரொட்டியும் பனிஸ் என்ற பன்னும் எடுத்து ஆட்டோவில் விற்பவர். பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாண், மீன் பனிஸ், முதலை போல நீண்டு கிடக்கும் கிம்புலா பனிஸ். கூரையில் ஓர் ஒலிபெருக்கி, அதிலிருந்து ஓயாமல் வரும் ஒரு மணிமெட்டு. அந்த மெட்டினால் வந்த பெயர்தான் சங்கீதம். அவரே வாயைத் திறந்து பாட ஆரம்பித்தால் தெரு நாய்கள் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே முன்னறையில் அவர். மாடியில், டியூஷன் வகுப்பு எடுத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்த நான். வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, கண்டியில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப் போவதாகவும், வீட்டை விற்கப் போவதாகவும் சொன்னார்.

"வெளியாளுக்குச் சொல்றதுக்கு முந்தி உங்களுக்குச் சொல்றேன். வாங்குறதுன்னா நீங்க வாங்கலாம்."

நான் கூரையைப் பார்த்தேன். சங்கீதம், யாரோ மீதிச் சில்லறையை நீட்டியதைப் போல, "சரிங்கய்யா, வாங்கிக்கிறேன்" என்றார்.

மாடிப்படியில் அவரை மடக்கிக் கேட்டேன். "என்ன அண்ணே, விளையாடுறீங்களா?"

"இல்ல மாஸ்டர். தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவன் நான். ஒரே காம்பராவுல எட்டுப் பேரு. அது தோட்டத்துக் கதவு. இப்ப இருக்கிறது ஐயாவோட கதவு. என் கதவுன்னு ஒன்னை ஒருக்காவாச்சும் சாத்திப் பார்க்கணும்."

அப்படித்தான் அவர் வங்கிக்குப் போனதும், மறுக்கப்பட்டதும், ஆறுதல் சொன்னதும்.

"ஏன் இல்லைன்னாங்க?" என்று கேட்டேன்.

"அதைக் கேக்கலையே. இல்லைன்னு சொல்லவே அவ்வளவு கஷ்டப்பட்டார். ஏன்னு வேற கேட்டா மனசு நோகாதா?"

காரணம் தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது என்று அவருக்குப் புரிய வைக்க எனக்கு அரை நாள் ஆனது. புரிந்ததும், வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது என்று தீர்மானித்து, பேக்கரிக்காரரிடம் சொல்லி வீடு போலவே ஒரு பாண் சுடவைத்தார். கதவு, ஜன்னல், ஓடு வேய்ந்த கூரை எல்லாம் இருந்தன. அதைத் தட்டில் வைத்து, துணி போர்த்தி, வங்கிக்குள் கொண்டுபோனார். காவலாளி துணியை விலக்கிப் பார்த்துவிட்டு வழிவிட்டாராம். கூரையை மேனேஜர் சாப்பிட்டார். சுவர்களைக் காசாளர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். கடன் பிரிவு அதிகாரி ஒரு ஜன்னலை மென்றுகொண்டே காரணத்தைச் சொன்னார். வருமானத்துக்கு அத்தாட்சி இல்லை.

"அத்தாட்சி வேணும்னா வாங்க சேர், என்கூட ஒரு ரவுண்டு. கண்ணால பாருங்க."

சொந்தத் தொழில் செய்பவர்களின் இடத்தைப் போய்ப் பார்ப்பது அதிகாரியின் வேலைகளில் ஒன்றுதான். ஆனால் சங்கீதத்தின் தொழில் ஓர் இடத்தில் நிற்காது. எனவே அந்த அதிகாரி, வெள்ளைச் சட்டையும் டையுமாக, ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் பாதி உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு பதுளைத் தெருக்களில் வலம் வந்தார். மெட்டை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். அதன் பொத்தான் எப்போதோ உடைந்துபோயிருந்தது.

முதல் திருப்பத்திலேயே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். டையைப் பார்த்ததும் அவரைச் சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு பனிஸைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நேத்து வாங்கினதுங்க ஐயா. நீங்களே கடிச்சுப் பாருங்க. பல்லு மிச்சம் இருந்தாச் சொல்லுங்க."

இன்னொருவர் சங்கீதத்தின் பக்கம் சேர்ந்து, "அவர் மேல கை வைக்காதீங்க, தங்கமான மனுசன். நான் மாசக்கணக்கா காசு குடுக்கல, ஒரு வார்த்தை கேட்டதில்ல" என்றார். அதைக் கேட்ட மற்றவர்களும் அதே சான்றிதழை வழங்கினார்கள். போகும் வழியெல்லாம் இதே கதை. அதிகாரி கடைசியில் டையைத் தளர்த்திக்கொண்டு கேட்டார்.

"ஊரே உங்ககிட்ட கடன் வாங்குது. நீங்க எதுக்கு எங்ககிட்ட வாறீங்க?"

"அது கடன் இல்லீங்க சேர். பழக்கம்."

மறுநாள் இரண்டாவது காரணமும் வெளியே வந்தது. முன்பு சிநேகிதனாக இருந்த ஒரு கூட்டாளி லீசிங் தவணையில் மோட்டார் சைக்கிள் எடுத்தபோது சங்கீதம் பிணைக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூட்டாளி தவணை கட்டவில்லை. அந்தக் கறை சங்கீதத்தின் கடன் அறிக்கையில் ஏறியிருந்தது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதைப் போல வங்கிகள் முதலில் பார்ப்பது அந்த அறிக்கையைத்தான்.

அதிகாரி நல்ல மனிதர். ஒருமுறை மறுக்கப்பட்டால் அத்தோடு முடிந்துவிடாது என்று பொறுமையாக விளக்கியிருக்கிறார். பிணைக் கணக்கைத் தீர்த்துக் கடிதம் வாங்கலாம். தினமும் வரும் காசை வங்கியில் போட்டு வருமானத்தைக் காட்டலாம். கேட்கும் தொகையைக் குறைக்கலாம், சின்ன வீடாகப் பார்க்கலாம். வங்கி வங்கியாக ஓடி விண்ணப்பம் போட வேண்டாம், அதுவும் அறிக்கையில் பதியும். இல்லாவிட்டால் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு கூட்டாகக் கேட்கலாம், மனைவி என்றால் நல்லது.

இத்தனையும் கேட்டுவிட்டு வந்த சங்கீதத்தின் காதில் நின்றது கடைசிச் சொல் மட்டும்தான்.

"சேர் என்னைக் கல்யாணம் பண்ணச் சொல்றார் மாஸ்டர்."

நாற்பது தாண்டிய மனிதர். அதுவரை கல்யாணப் பேச்சு எடுத்தாலே மெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்போது நேராகத் தரகரிடம் போனார். நானும் கூட இருந்தேன்.

"ஜாதகம் கொண்டாந்தீங்களா?" என்றார் தரகர்.

"ஜாதகம் வேணாங்க. பொண்ணுக்கு பே ஷீட் இருக்கணும், மாசாமாசம் வர்ற சம்பளச் சீட்டு."

"நெறம், உயரம் ஏதாச்சும்?"

"சம்பளத்துல பிடித்தம் கம்மியா இருக்கணும்."

தரகர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். ஆனாலும் தரகர் கெட்டிக்காரர். சில வாரங்களில் நமுனுகுல பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் ஒரு டீச்சரைக் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கும் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. காலர் வைத்த சட்டை என்னிடம் இருந்தபடியால் மாப்பிள்ளை வீட்டார் என்ற பொறுப்பு எனக்கு வந்தது. பஸ் ஏறிப் போனோம்.

டீச்சர் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். சங்கீதம் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. கடைசியா வந்த பே ஷீட்டைக் கொஞ்சம் பார்க்கலாங்களா?"

டீச்சரின் அப்பாவுக்குத் தேநீர் புரையேறியது. டீச்சர் அசரவில்லை.

"தாராளமா பார்க்கலாம். உங்க கடன் அறிக்கையைக் கொண்டாந்தீங்களா?"

சங்கீதம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். உள்ளதை ஒப்புக்கொண்டார்.

"ஒரு கூட்டாளிக்குக் கேரண்டி போட்டேங்க."

"கூட்டாளி இப்ப எங்க?"

"கட்டார்ல இருக்கிறதாக் கேள்வி."

"பைக்?"

"அதுவும் இங்க இல்லீங்க."

டீச்சர் தலையாட்டினார். "பேங்குல என்னையும் வேணாம்னுட்டாங்க. தம்பி வெளிநாடு போறதுக்கு என் பேர்லதான் கடன் எடுத்தோம். சம்பளத்துல பாதி அதுக்கே போயிருது. மிச்சத்தைப் பார்த்துட்டு, இதுல எப்படி வீட்டுக் கடன் கட்டுவீங்கன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயந்தான். ஆனா வீட்டுக்கு வந்து அழுதேன்."

நான் தேநீர்த் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"உங்ககிட்ட சொல்றப்ப அந்த சேருக்கு வேர்த்துச்சா டீச்சர்?" என்று கேட்டார் சங்கீதம்.

"இல்ல. எனக்குத்தான் வேர்த்துச்சு" என்று சொல்லிவிட்டு டீச்சர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் பசறை தாண்டியதும் சங்கீதம் என் பக்கம் திரும்பினார். "அவங்களும் ரிஜெக்ட், நானும் ரிஜெக்ட். ஒரே ராசி மாஸ்டர்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதுளைப் பாண் ஆட்டோ நமுனுகுல மலை ஏறத் தொடங்கியது. எஞ்சின் புகைய, மெட்டு முழங்க, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஏறும். கேட்டால் புது வியாபாரம் என்பார். மேலே போய்ச் சேர்வதற்குள் பனிஸெல்லாம் குலுங்கி உருமாறியிருக்கும். எல்லாவற்றையும் டீச்சரின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் பெட்டியோடு இறங்குவார்.

டீச்சர் அவருடைய காதில் விழாமல் போன மற்ற வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். டீச்சர் சொன்னால் காதில் விழுந்தது. லீசிங் கம்பனியோடு பேசி, கூட்டாளியின் பாக்கியைத் தவணையில் கட்ட ஆரம்பித்தார். மாலையில் வியாபாரக் காசை வங்கியில் போட்டார். பட்டர் வாசம் அடிக்கும் சில்லறையை எண்ணி எண்ணி, காசாளருக்கு நாலு மணிக்கே பசித்துவிடுமாம்.

ஆனால் வீட்டுக்காரரால் அவ்வளவு காலம் பொறுக்க முடியவில்லை. அவர் எங்களுக்காகப் பொங்கல் வரை காத்திருந்தார். பிறகு பண்டாரவளையிலிருந்து ஒரு கடைக்காரர் கைக்காசோடு வந்து வீட்டை வாங்கிவிட்டார்.

சாமான்களைக் கட்டிய அன்று சங்கீதத்தைக் காணவில்லை. தேடினேன். வாசலில் நிறுத்தியிருந்த ஆட்டோவுக்குள் உட்கார்ந்து, மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். டீச்சர் அன்று லீவு போட்டுவிட்டு எங்களுக்கு உதவ வந்திருந்தார். கையிலிருந்த பாத்திரப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப வீடும் இல்ல, லோனும் இல்ல. இனியும் ஞாயித்துக்கிழமை மலைக்கு வருவீங்களா?"

சங்கீதம் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பே ஷீட்டை இன்னும் காட்டவே இல்லீங்களே டீச்சர். அது என்ன கலர்னுகூட எனக்குத் தெரியாது. அதுக்காகவா நான் வாறேன்?"

சித்திரையில் கோயிலில் கல்யாணம் நடந்தது. கடன் பிரிவு அதிகாரி குடும்பத்தோடு வந்து, சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டுப் போனார்.

மறு வருடம் தெமோதரைப் பக்கம், சுவர் மட்டும் எழும்பி, கட்ட முடியாமல் ஒருவர் விட்டுவிட்ட சின்ன வீடு விலைக்கு வந்தது. அதற்குள் லீசிங் கணக்கு தீர்ந்து கடிதமும் வந்திருந்தது. டீச்சரின் தம்பியும் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பத் தொடங்கியிருந்தான். பழைய வீட்டுக்குக் கேட்டதைவிட எவ்வளவோ குறைந்த தொகைக்கு, இரண்டு பேரும் கூட்டாக விண்ணப்பம் போட்டார்கள். 'சரி' என்று வங்கி சொன்ன அன்று சங்கீதம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

"சேர், சரியாப் பார்த்தீங்களா? எங்கயாச்சும் ஒரு மூலையில இல்லைன்னு எழுதியிருக்கும். பொறுமையாப் பாருங்க, எனக்கு அவசரமில்ல."

டீச்சர்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

இப்போது ஓர் அறை முடிந்துவிட்டது. அதில் இருவரும் குடியிருக்கிறார்கள். மற்ற அறைக்குக் கூரைத் தகரம் அடிக்க வேண்டுமாம், வரும் சனிக்கிழமை கட்டாயம் வந்துவிடச் சொல்லிப் போன் செய்தார். எனக்கு ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. காலை பஸ்ஸுக்கே கிளம்புகிறேன்.