நண்டுத் தீப்பெட்டிக்கு ஒரு இரும்புப் பெட்டி

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. ஒரு இரும்புப் பெட்டி வாங்கணும்.

நான் பழைய தீப்பெட்டி சேர்க்கிறவன். சிரிக்காதீங்க. அதுல ஒண்ணு மலாயா காலத்துச் சரக்கு, மேல நண்டு படம். ஒட்டின தாள்கூடக் கிழியல, குச்சியெல்லாம் உள்ளயே இருக்கு. சிங்கப்பூர்ல ஒருத்தர் அதுக்காக ரொம்ப நாளா என் உயிரை வாங்கிக்கிட்டு இருந்தாரு. நானும் விடாம விலையை ஏத்தி ஏத்தி, ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்குற அளவுக்குக் கொண்டுவந்துட்டேன். ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து எடுத்துக்கிறேன்னாரு.

இருக்கிறதுல எது விலை போகப்போகுதுன்னு என் மனைவி மகேஸ்கிட்டகூடச் சொல்லல. பேச்சு வாக்குல வெளிய போயிரும் பாருங்க.

அந்த வாரம் பார்த்து, பெர்மாஸ் ஜெயாவுல எங்க வீட்டுக்குப் பின்வரிசையில ஒரு வீடு தீப்பிடிச்சு எரிஞ்சிருச்சு. முன்வரிசையில ஒரு வீட்டுல திருடன் புகுந்துட்டான். நடுவுல நான்.

உடனே சட்டம் போட்டேன். "தீக்குச்சி, லைட்டர் எதுவும் இந்த வீட்டுல இருக்கக் கூடாது. கேஸ் அடுப்பும் வேணாம்."

"சாமி விளக்கு?"ன்னா மகேஸ்.

"பேட்டரி விளக்கு வாங்கிட்டேன்."

"சாமிக்கே பேட்டரியா?"

"சாமி கோவிச்சுக்காது. நான் கோவிச்சுக்குவேன்."

அடுப்பு லைட்டர்கூடக் குப்பைக்குப் போச்சு.

சனிக்கிழமை காலையில தம்போய்ல ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். தவுக்கே, அதான் கடை முதலாளி, ஒரு சீனப் பெரியவரு, நல்லாத் தமிழ் பேசுவாரு. "இது நெருப்புலயும் வேகாது, திருடனாலயும் ஒடைக்க முடியாது"ன்னு ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டினாரு.

நான் ஆறாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்குத் தெரிஞ்ச ஒரே கணக்கு, சொன்ன விலையில பாதி.

"பாதி விலைக்குப் பாதிப் பெட்டிதான் லா கிடைக்கும்"ன்னாரு.

மூலையில துருன்னு கத்தினேன். கதவு கிரீச்சுங்குதுன்னு கத்தினேன். கோவிச்சுக்கிட்டு வெளிய போனேன். யாரும் கூப்பிடல. நானே திரும்பி வந்து மறுபடி கத்தினேன்.

அவருக்கே தலைவலி வந்துருச்சு. "சரி, எடுத்துட்டுப் போ. லோரி கிடையாது. உன் வேன்ல ஏத்தி விடுறேன். இறக்குறது உன் பாடு."

ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன். வேன் பின்னால அமுங்கி, மூக்கால வானத்தைப் பார்த்துக்கிட்டே வீடு வந்து சேந்துச்சு.

இறக்க ஆள் வேணுமே? பக்கத்து வீட்டுக் குணாகிட்டக் கேட்டேன். அவன் எங்க தாமான் வீட்டுக்காரங்க வாட்ஸ்அப் குழுவுல ஒரு வரி போட்டான்: "சேகர் அண்ணன் வீட்டுக்கு இரும்புப் பெட்டி வந்திருக்கு, தூக்க வாங்க."

திருடனுக்குத் தெரியக் கூடாதுன்னு வாங்கின பெட்டி. தாமானே வாசல்ல நிக்குது.

ஒருவழியா மூச்சுத் திணறி உள்ள கொண்டுபோய் வெச்சாங்க.

"எவ்ளோ நகைண்ணே?"ன்னான் குணா.

"நகை இல்லடா. தீப்பெட்டி."

"சரிண்ணே, சொல்ல வேணாம்." கண்ணடிச்சான்.

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. பிஸ்கட் டின்னைக் கொண்டாந்து, எல்லாத் தீப்பெட்டியையும் சாப்பாட்டு மேசையில பரப்பிட்டேன். ஆனா எது விலை ஒசந்ததுன்னு வாயைத் திறக்கல. அவ்ளோ முட்டாளா நான்?

குணா காலி டின்னைத் தலைகீழாக் கவுத்துப் பார்த்தான். அப்புறம் மெதுவாக் கேட்டான், "வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்கண்ணே?"

இரும்புப் பெட்டிக்குள்ள அடுக்கப் போனேன். மகேஸ் குறுக்க வந்து நின்னா. "புது சாமான். சாமி கும்பிடாம எதையும் வைக்கக் கூடாது."

அது நியாயம். எங்க வீட்டுல ஐஸ்பெட்டிக்கே பொட்டு வெச்சுத்தான் பால் உள்ள போச்சு. "நீ ஏற்பாடு பண்ணு"ன்னுட்டு வேனை ஓரமா நிறுத்தப் போனேன்.

திரும்பி வந்தா இரும்புப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். மேல எலுமிச்சம்பழம். தட்டுல சூடம் ஜம்முன்னு எரியுது. மனசு நெறைஞ்சு போச்சு. ரெண்டு கையாலயும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

கையை எடுக்கிறப்பதான் மூளை வேலை செஞ்சுது.

"மகேஸ், சூடத்தை எதுல பத்த வெச்ச?"

"மேசையில இருந்ததுலதான். மத்ததெல்லாம் காலிப் பெட்டிங்க. அந்த நண்டு ஒண்ணுலதான் குச்சி இருந்துச்சு. மேல ஒட்டின தாளைக் கிழிக்கத்தான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு."

"பழசுன்னாலும் நல்ல சரக்குண்ணே"ன்னான் குணா. "ஒரே உரசல்."

நான் கத்துறதுக்கு வாயைத் திறந்தேன்.

"வேற எதுல பத்த வைக்கிறது? லைட்டரை யாரு தூக்கிப் போட்டா?"ன்னா மகேஸ்.

திறந்த வாயோட இன்னொரு தடவை சூடத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர்க்காரர் வந்தாரு. கிழிஞ்ச தாளைத் தடவிப் பார்த்தாரு. செத்தவன் கையைப் பிடிச்ச மாதிரி.

"ஒரு குச்சிதானே சார் கொறையுது? அதுக்குத் தக்கனயா நாமளும் கொறைச்சுக்கலாம்"ன்னேன்.

அவர் பேரம் பேசுவாருன்னு காத்திருந்தேன். பேசவே இல்ல. காப்பியைக் குடிச்சாரு, கும்பிட்டாரு, கிளம்பிட்டாரு.

அன்னைக்குச் சாயந்திரம் மளிகைக் கடைக்குப் போய் ஒரு கட்டுத் தீப்பெட்டி வாங்கினேன். விலையே கேக்கல.