மாமனாரைப் பாலத்துல நிறுத்தின மத்தியானம்

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஸ்ரீரங்கம் போய் ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வரணும்.

என் மச்சினன் வில்லியமுக்குக் கல்யாணம். அஞ்சு மணிக்கு பாலக்கரையில எங்க கோயில்ல ஓலை எழுதுறாங்க. ரெண்டு வீட்டுக்காரங்களும் வந்து ஃபாதர் முன்னாடி கையெழுத்துப் போட்டாத்தான், மூணு ஞாயித்துக்கிழமை பூசையில கல்யாண அறிவிப்பு வாசிப்பாங்க. அதுக்கு வில்லியமோட ஞானஸ்நான சர்டிபிகேட் வேணும். அவன் பொறந்தப்ப மாமனாருக்கு ஸ்ரீரங்கத்துல வேலை. அதனால ரிஜிஸ்டர் அந்தப் பக்கத்துக் கோயில்ல இருக்கு. அன்னைக்கு எழுதலைன்னா ஒரு ஞாயிறு போச்சு, கல்யாணத் தேதியும் போச்சு.

இதைத்தான் என் பொண்டாட்டி ஜெசிந்தா என்கிட்ட ஒப்படைச்சா. பையில நான் என்ன வச்சிருக்கேன்னு பாத்துட்டே ஒப்படைச்சா. அவ மேலயும் தப்பு இருக்கு.

பையில இருந்தது கையில வச்சு விளையாடுற வீடியோ கேம். வயசு நாப்பத்தாறு ஆகுது எனக்கு. சொல்லிட்டேன், சிரிச்சு முடிச்சுட்டு வாங்க.

அது சண்டை கேம்தான், ஆனா அவசரமே கிடையாது. தரையெல்லாம் கட்டம் கட்டமா இருக்கும். நம்ம ஆளுங்களை ஒவ்வொருத்தரா நகர்த்தணும். நாம முடிச்சோம்னு சொன்னாத்தான் எதிரி நகருவான். அதுவரைக்கும் கோடாலியைத் தூக்கிக்கிட்டு அப்படியே நிப்பான். கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல, நான் யோசிச்சு முடிக்கிற வரைக்கும் எதிர்ல இருக்கிறவங்க பொறுமையா நின்னது இதுல மட்டும்தான்.

ஒரே ஒரு கொடுமை. இதுல ஒரு ஆள் செத்தா செத்ததுதான். திரும்ப வரவே மாட்டான். நான் வேற என் படைக்கெல்லாம் வீட்டு ஆளுங்க பேரையே வச்சிருக்கேன். வைத்தியம் பாக்குறவ ஜெசிந்தா. குதிரைக்காரன் வில்லியம். தலையிலேர்ந்து கால் வரைக்கும் இரும்புக் கவசம் போட்டுக்கிட்டு மெதுவா நடக்குறவரு மாமனார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஸ்ரீரங்கம் பஸ்ஸு நிக்க இடமில்லாம வந்துச்சு. பின்னாடியே துறையூர் பஸ், ஜன்னல் சீட்டு காலி. பாலம் தாண்டி மாம்பழச் சாலையில இறங்கி, ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோ புடிச்சுக்கலாம்னு ஏறி உக்காந்தேன். உக்காந்தா விளையாடலாமே, அதான் காரணம்.

காவேரிப் பாலம் வந்தப்ப வில்லியமைச் சுத்தி மூணு பேரு. ஒரே ஒரு மூவ் யோசிச்சேங்க. ஒண்ணே ஒண்ணு.

யோசிச்சு முடிச்சுத் தலையைத் தூக்கினா வெளிய வயலு, தூரத்துல கோயில் மதில். பக்கத்துல இருந்தவரைக் கேட்டேன், திருவெள்ளறைன்னாரு. கண்டக்டர் மாம்பழச் சாலையில என்னைப் பாத்து ரெண்டு வாட்டி கத்தினதாவும், நான் "கொஞ்சம் இருங்க, என் முறை இன்னும் முடியல"ன்னு சொன்னதாவும் சொன்னாரு. எனக்கு ஞாபகமே இல்ல.

இறங்கி ஓடிப் போய் எதிர்ப்பக்க பஸ்ஸைப் புடிச்சேன். மணி மூணு. இனிமே தொடக்கூடாதுன்னு சத்தியம் பண்ணேன். அந்த கேமை எந்த நிமிஷத்துலயும் அப்படியே மூடி வைக்கலாம், அது அப்படியே காத்துக்கிட்டு இருக்கும், அதுதான் அதோட பெரிய வசதியே. அந்த வசதியை நான் மண்ணச்சநல்லூர் வரைக்கும் பயன்படுத்திக்கிட்டேன்.

மண்ணச்சநல்லூர்ல பட்டுப்புடவை கட்டின ஒரு அம்மா, வாழைப்பழத் தாரோட ஏறி என் பக்கத்துல உக்காந்தாங்க. நான் வெயில் படாம இருக்க ஸ்கிரீனை ஒரு ஃபைலுக்குள்ள வச்சு, குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தேன். அதைச் செல்போன்னு நெனச்சுட்டாங்க. எனக்கு விளையாடும்போது முணுமுணுக்கிற பழக்கம் வேற.

என்ன ஆச்சு தம்பின்னு கேட்டாங்க.

"மச்சினன் பொழைக்கிறது கஷ்டம்மா"ன்னேன்.

பதறிட்டாங்க. யாராவது பாத்துக்குறாங்களான்னு கேட்டாங்க. என் பொண்டாட்டி பாக்குறா, ஆனா ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் அவளால பாக்க முடியும்னேன். நர்ஸா இருக்கும்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க.

அப்புறம்தான் அதைச் சொன்னேன். "மாமனாரைக் குடுத்தா மச்சினனைக் காப்பாத்திடலாம். வயசானவரு, பரவாயில்ல."

அவங்க பையிலேர்ந்து ஜெபமாலையை எடுத்தாங்க. நான் மாமனாரைக் கேம்ல இருக்கிற பாலத்துல கொண்டு போய் நிறுத்தினேன். அதுக்குள்ள மாம்பழச் சாலை வந்துருச்சு, இந்த வாட்டி கரெக்டா இறங்கிட்டேன். இறங்குறப்ப கையில ரெண்டு பழத்தைத் திணிச்சு, "சாப்பிட்டுத் தெம்பா இரு தம்பி"ன்னாங்க. நல்ல அம்மான்னு நெனச்சேன், பழத்தையும் தின்னுட்டேன்.

சர்டிபிகேட் பத்து நிமிஷத்துல கிடைச்சுது. வழியெல்லாம் டிராபிக். பாலக்கரை கோயிலுக்குள்ள நான் நுழையும்போது மணி அஞ்சு இருபது.

உள்ள எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. ஃபாதர் கண்ணை மூடி, "முகமறியாத அந்தச் சகோதரரின் குடும்பத்துக்காகவும், சாகும் நிலையில் இருக்கும் அவருடைய மைத்துனருக்காகவும், தன்னையே தரவிருக்கும் மாமனாருக்காகவும் மன்றாடுவோம்"னு ஜெபம் பண்றாரு. வில்லியம் கைகூப்பி நிக்கிறான். மாமனார் உருக்கமா ஆமென்னு சொல்றாரு.

ஜெசிந்தா மட்டும் கண்ணைத் திறந்து வாசலையே பாத்துக்கிட்டு நின்னா. வீட்டுல தினம் இந்த முணுமுணுப்பைக் கேக்குறவ அவ.

முன்வரிசையில அதே பட்டுப்புடவை. கல்யாணப் பொண்ணோட அத்தையாம். என்னைப் பாத்ததும் ஓடி வந்து கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"தம்பி, உங்க மாமனார் எப்படி இருக்காரு?"

பின்னாடி நின்ன மாமனார், "நான் நல்லாத்தானே இருக்கேன்"னாரு.

பாவசங்கீர்த்தனம்னா செஞ்ச தப்பை ஃபாதர்கிட்ட தனியா, காதோட காதா சொல்லுவோம். நான் இருபது பேர் முன்னாடி, கையில கேமைத் தூக்கிக் காட்டிச் செஞ்சேன்.

அத்தையம்மா முகம் மாறிடுச்சு. பஸ்ல பாத்த யாரோ ஒருத்தருக்காக முழங்கால்ல நின்னு ஜெபிச்சிருக்கேன், மாமனாரைச் சாகக் குடுக்கிற மருமகன் இருக்கிற வீட்டுலயா நம்ம பொண்ணைக் கட்டிக் குடுக்கிறதுன்னு பொண்ணோட அப்பாவைப் பாத்துக் கேட்டாங்க. வில்லியம் என்னைப் பாத்த பார்வையை நான் மறக்க மாட்டேன். என்னால ஒரு கல்யாணம் நின்னுடும்னு நெஜமாவே பயந்துட்டேன்.

அப்பதான் கல்யாணப் பொண்ணு ஷைனி எழுந்து வந்து, ஸ்கிரீனை வாங்கிப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு.

"அண்ணா, இரும்புக் கவசம் போட்டவரைக் கொண்டு போய் யாராவது மந்திரவாதி எதிர்ல நிறுத்துவாங்களா? மந்திரத்துக்கு முன்னாடி கவசம் நிக்காதே. வைத்தியம் பாக்குற அக்காவையும் எட்டாத தூரத்துல விட்டிருக்கீங்க"ன்னு சொல்லுச்சு.

ஃபாதர்தான் முதல்ல சிரிச்சாரு. அப்புறம் அத்தையம்மாவும். ஓலை எழுதியாச்சு. கையெழுத்துப் போடும்போது வில்லியம் என்கிட்ட, இவ என்னையும் குதிரையில உக்கார வைப்பாளா மாமான்னு கவலையா கேட்டான்.

கிளம்புறப்ப மாமனார் என்னை ஓரமா கூப்பிட்டாரு. கோவமா இருப்பாருன்னு பாத்தேன். சுத்தி ஒரு வாட்டி பாத்துட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாரு.

"மாப்பிள்ளை, நான் இப்ப இருக்கேனா, போயிட்டேனா?"

"இருக்கீங்க மாமா. மந்திரவாதி முறை இன்னும் வரல, அதுக்குள்ள மூடி வச்சுட்டேன்"னேன்.

இதை எழுதுற வரைக்கும் அந்த கேமை நான் திறக்கல. மாமனார் திறக்க விட மாட்டேங்கிறாரு.