நைனாவுக்கு ஏ வரிசை ஜன்னல்

நிழல் நைனாவை விமானத்தில் தப்பான பக்கம் உட்கார வைத்தவன் நான்தான். கை தவறி நடந்ததல்ல, தெரிந்தே செய்தேன். எழுபத்தெட்டு வயதில் இதை அச்சில் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தது அதைவிட வெட்கமாக இருந்தது.

திருவொத்தியூரில் சூரியன் நைனாவைக் கேட்டுக்கொண்டுதான் நகரும் என்று எங்கள் தெருவே நம்பியது. காசிமேட்டில் நாற்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர். படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் எத்தனை மணிக்கு, எந்தச் சுவரின் நிழல், எதுவரை நீளும் என்று சாலையில் கோடு கிழித்துக் காட்டுவார். சாவு வீட்டில்கூட ஐஸ் பெட்டியை இரண்டு முறை இடம் மாற்றுவார். "எவ்ளோ நேரம் அழுவீங்களோ, நெழல்ல குந்தி அழுங்கம்மா" என்று அழுகிறவர்களையும் கூடவே நகர்த்துவார்.

ஒருநாள் பஸ்ஸில் பெரிய கலாட்டா. பாரிமுனைக்குக் காலையில் போனாலும், சாயங்காலம் திரும்பினாலும், நிழல் வலப்பக்கம்தான். அது ஆண்கள் பக்கம். பெண்கள் இரண்டு வேளையும் வெயிலில் வேகிறார்கள். நைனா எழுந்து நின்றார்.

"மீன்கூடைம்மா, இப்டி வந்து குந்து. ஏய் ஆம்பளைங்க, அப்டி போங்கப்பா!"

கண்டக்டர் கத்தினார்: "இன்னா பெர்சு, பஸ்ஸு இன்னா நீ ஓட்ற போட்டா?"

"போட்டா இருந்தா எப்பவோ திருப்பியிருப்பேன் கண்டக்டரே!"

தண்டையார்பேட்டை வருவதற்குள் பாதி பஸ் இடம் மாறிவிட்டது. அதே தடத்தில் நான் முப்பது வருடம் போய் வந்தவன். பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன். பூமி சுற்றுவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவனுக்கு அந்த ஜன்னல் வெயில் உறைக்கவே இல்லை. மீன்கூடைக்காரம்மா இறங்கும்போது, "வாத்தியாரே, இதெல்லாம் நீ சொல்லித் தரமாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு ஆரம்பித்தது என் வயிற்றெரிச்சல்.

பிறகு எங்கள் தெருப் பிள்ளைகள் துபாய், அந்தமான் என்று விமானம் ஏறத் தொடங்கினார்கள். செல்போனில் அவர்களுக்கு இருக்கை போட்டுக் கொடுப்பது நான். எந்த இருக்கை என்று சொல்வது, விமானத்தின் படியைக்கூட மிதிக்காத நைனா. வடக்கை அவர் வாடை என்பார்.

"வாடைக்குப் போனா கரை பீச்சாங்கை. காலைல பிளைட்டா? நெழலும் அந்தப் பக்கம்தான். ஏ போடு வாத்தியாரே." ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது இரண்டே எழுத்து, இடது ஜன்னலுக்கு ஏ-யும் வலது ஜன்னலுக்கு எஃப்-பும். அதை வைத்துக்கொண்டே தெருவை ஆண்டார். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து அவருக்குத்தான் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஒருமுறை விசாகப்பட்டினத்தில் இருக்கும் மகள் அவருக்கு டிக்கெட் அனுப்பினாள். மதிய விமானம். திரும்புவது ரயிலில். நைனா குளித்து, திருநீறு பூசி என் வீட்டுக்கு வந்தார்.

"ஏ போடு."

"மத்தியானம் வெயில் அந்தப் பக்கம்தானே, நைனா?"

"எரிஞ்சா எரியட்டும். நாப்பது வருசம் கடல்லருந்து கரையப் பாத்துகினே வந்தேன். ஒரே ஒரு தபா மேலருந்து நம்ம காசிமேட்டப் பாத்துடணும். அத்தோட போதும்."

திரையில் ஏ வரிசை பாதிக்குமேல் காலியாக இருந்தது. "ஏ எல்லாம் போயிடுச்சு" என்று சொல்லி எஃப் போட்டேன். ஒருமுறையாவது இந்த மனிதர் ஒன்றும் பார்க்காமல் திரும்பட்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

திரும்பி வந்தவரை டீக்கடையில் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா நைனா, காசிமேடு தெரிஞ்சுதா?"

"தண்ணி தெரிஞ்சுது. அந்தாண்ட பக்கம் காலியாத்தான் கீதுன்னு எழுந்தேன். அந்த பிளைட்டுப் பொண்ணு, 'தாத்தா, இப்ப எழக்கூடாது, வெயிட்டு ஒரே பக்கம் சாஞ்சிடும்'னுச்சு. கரெக்டுதானே? போட்டுல எவனாவது நடுவுல எழுந்தா நானே அறைஞ்சிருப்பேன். கம்முனு குந்திட்டேன். பெல்ட்ட அவுக்கச் சொல்றச்ச எண்ணூரே தாண்டிடுச்சு."

கடையே சிரித்தது. "ஊருக்கெல்லாம் சீட்டு சொல்றே, உனக்குச் சொல்லிக்கத் தெரியலியே!"

"வாத்தியாரு இன்னா பண்ணுவாரு? சீட்டு இல்ல" என்றார் நைனா. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் இருக்கை சொல்லவில்லை. கேட்டால், "வாத்தியாரக் கேளு, படிச்சவரு" என்றார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மூன்று வாரம்கூட அதைத் தாங்க முடியவில்லை. அதே டீக்கடையில் போய்ச் சொன்னேன்.

"நைனா, அன்னிக்கு ஏ காலியாத்தான் இருந்துச்சு. வேணும்னேதான் எஃப் போட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"பொறாமை."

"எம்மேலயா?" டீ சிந்தும்படி சிரித்தார். "டேய், இங்க பாருங்கடா! ரெண்டு பட்டம் வாங்குனவருக்கு எம்மேல பொறாமையாம்!" சிரித்து முடித்தார். டம்ளரை வைத்தார். அதன் பின் பத்து நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். விசாகப்பட்டினத்துக்கு இரண்டு டிக்கெட், அதே மதிய விமானம்.

"போனைக் காட்டு" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏ எழுத்தைத் தேடி, தன் விரலாலேயே அழுத்தினார். பக்கத்து பி எனக்கு.

விமானம் கடலுக்கு மேலே போய் இடதுபுறம் சாய்ந்து திரும்பியது. வெயில் அவர் முகத்தில் அறைந்தது. நைனா மூக்கைக் கண்ணாடியில் அப்பிக்கொண்டு இமைக்காமல் பார்த்தார். மெரினா போனது, துறைமுகத்துக் கிரேன்கள் போயின. பிறகு காசிமேடு வந்தது. "தோ... தோ..." என்று விரலால் ஜன்னலைத் தட்டினார். சட்டென்று பின்னால் சாய்ந்து, என் பிடரியைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தார்.

"பாருய்யா, அப்பால பூடும்!"

"நீங்க பாருங்க நைனா, உங்களுக்காகத்தானே வந்தது."

"காசிமேட்டப் பாத்துட்டேன். இப்ப நம்ம தெரு வருது. அது ஒனக்கும்தானே தெரு? நல்லா பாரு. தெரியுதா?"

"தெரியுது, நைனா" என்றேன். கண்ணில் நீர் கட்டியிருந்ததில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஜன்னல் விஷயத்தில் அவரிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. இதற்கு மன்னிப்புக் கேட்கிற எண்ணம் இல்லை.