மொறிஸ் மைனருக்குக் கறள் எடுத்தேன்

இந்த முறை நல்லூர்த் தேருக்கு என் மனைவியை என் காரில் கூட்டிக்கொண்டு போவது என்று வைகாசி மாதம் நான் முடிவெடுத்தேன். முடிவெடுத்தவன் நான். எடுக்க வைத்தவள் அவள். இந்த வித்தியாசம் எனக்கு விளங்க மூன்று மாதம் பிடித்தது.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். தீவுப்பகுதியில், புளியங்கூடலில் நான் குடியிருப்பது சீதன வீடு. காணி உறுதி என் மனைவி சறோஜினிதேவியின் பெயரில். வீடு அவளுடையது, கிணறு அவளுடையது, முற்றத்துத் தேசிமரம் அவளுடையது. ஒரு தேசிக்காய் பிடுங்குவதென்றாலும் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் பிடுங்குவேன். கலியாணத்தோடு நான் கொண்டுவந்தவை ஒரு சூட்கேசும், அப்பாவின் மொறிஸ் மைனர் காரும். சூட்கேசுக்குள் இப்போது அவளுடைய சீலைகள் இருக்கின்றன. மிஞ்சியது கார்.

கார் ஓடாது. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த நாளிலிருந்து அது வீட்டு வளவுக் கொட்டிலுக்குள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் சண்டை வந்தால் நான் கொட்டிலுக்குள் போய், டிரைவர் சீற்றில் ஏறி, கதவைச் சாத்திக்கொள்வேன். சறோவுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஸ்ரேறிங்கைப் பார்த்துச் சொல்லுவேன். அது எதிர்க்கதை கதைக்காது. என் குடும்ப வாழ்க்கையில் நான் வென்ற வாக்குவாதம் எல்லாம் அந்தக் காருக்குள் வென்றவைதான். அந்த வளவில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு சீற் அகலம்.

அந்தக் கொட்டிலைத்தான் அவள் கனகாலமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூள் திரிக்கிற மில் போடவேண்டுமாம்.

“அங்கை கார் நிக்குது.”

“ஓடாத கார்தானே.”

“ஓடாட்டியும் கார் கார்தான்.”

“அப்ப நீங்களும் ஆம்பிளைதான்.”

இப்படியே வருடங்கள் போயின. ஒருநாள் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். வென்றுவிட்டேன் என்று நினைத்து இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

பிறகுதான் அந்த வைகாசி வந்தது.

“இஞ்சாருங்கோ, உங்கடை கார் வடிவான கார்,” என்றாள். “கறள்தான் பிழை. கறளை எடுத்து ஒரு பெயின்ற் அடிச்சால் தேருக்கு அதிலையே போகலாம்.”

“நீர் வருவீரோ?”

“முன் சீற்றிலை இருந்து வருவன். துஷாந்தி பாக்கட்டும்.”

துஷாந்தி அவளுடைய தங்கச்சி. அவளுடைய புருசனிடம் புது வான் இருக்கிறது. அந்த வான் எங்கள் வீட்டு வாசலில் ஹோர்ண் அடிக்கும்போதெல்லாம் நான் அரை அங்குலம் குறைந்து போவேன். சறோ என்னை ஒருநாளும் வடிவு என்றதில்லை. என் காரைச் சொன்னாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

அன்றைக்கே இறங்கினேன். முன் மட்காட்டில் வினாகிரியில் தோய்த்த சாக்கைச் சுற்றி ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரால் கழுவினேன். தகரம் வெள்ளியாய் மின்னியது. விடியப் பார்த்தால் பழையபடி துருச் சிவப்பு. எங்கள் கிணறு உவர். காற்றும் உப்பு. இந்தத் தீவில் கறள் பிடிக்காதது பிளாஸ்ரிக் வாளி மட்டும்தான்.

“உவர்த் தண்ணியிலை கழுவினால் வேறை என்ன நடக்கும்?” என்றாள் சறோ. “நல்ல தண்ணியிலை கழுவுங்கோ.”

நல்ல தண்ணீர் பவுசர் வண்டியில் வருவது. குசினி வாசலில் தொட்டி. அதன் பூட்டுக்குத் திறப்பு அவள் இடுப்பில். அந்தத் தண்ணீரில் நான் வாய் கொப்பளித்தாலே முறைப்பவள், தொட்டியைத் திறந்துவிட்டாள்.

“வாளியிலை காவித் திரியாதேங்கோ, சிந்தும். சாமானைக் கழட்டி இஞ்சை கொண்டு வாங்கோ.”

கழற்றினேன். மட்காட், பம்பர், பொனற், கதவுகள். அவள் தண்ணீர் ஊற்றினாள், நான் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, பிறைமர் அடித்தேன். மண்கும்பானில் தொழில் செய்கிற யாக்கோப்பு, எங்களுக்கு மீன் கொண்டுவருபவன், வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்ற் கொண்டுவந்து தந்தான்.

“கடலுக்கே நிண்டுபிடிக்கும் அண்ணை.”

“வீட்டுக்கு நிண்டுபிடிக்குமோ?”

அவன் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று நான் யோசிக்கவில்லை.

பெயின்ற் காய்ந்த சாமான்களைக் கொட்டிலுக்குத் திரும்பக் கொண்டுபோக அவள் விடவில்லை. “உப்புக்காத்து பிடிச்சிடும். அறைக்குள்ளை வையுங்கோ.” கதவுகள் கட்டிலுக்குக் கீழே போயின. பொனற் அலுமாரிக்குப் பின்னால் சாய்ந்தது. எனக்கே ஒழுங்காக இடம் தராத வீடு என் பொனற்றுக்கு இடம் தந்தது. சந்தோசமாக இருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டில் எனக்கு மீன் தலை வந்தது.

“சீற்றுக்குக் கீழையும் கறள்,” என்றாள். சீற்றைக் கழற்றினேன். “ஸ்ரேறிங் கம்பியிலையும்.” அதையும் கழற்றினேன். நட்டும் போல்ற்றும் ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டேன். எது எங்கே பூட்டுவது என்பது நினைவிருக்கும் என்று நம்பினேன்.

கடைசியில் எஞ்சியது வெறும் கூடு.

“அடியிலைதான் கறள் கூட. புரட்டித் தேய்க்க வேணும். கொட்டிலுக்குள்ளை புரட்ட ஏலாது.”

யாக்கோப்பு தன் ஆட்களைக் கூட்டிவந்தான். வள்ளம் தூக்குகிற மாதிரித் தூக்கினார்கள். “கவனம், கவனம், இடிபடாமல் வெளியிலை எடுங்கோ,” என்று முன்னால் நின்று கத்தியவன் நான். பூவரசுக்குக் கீழே கூட்டைச் சரித்து வைத்தார்கள். சறோ எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் என்மேல் உள்ள அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தநாள் அடிப்பக்கத்துக்குக் கறுப்புப் பெயின்ற் வாங்க என்னை யாழ்ப்பாணம் அனுப்பினாள். “ஆறுதலாய்ப் பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ.”

ஆறுதலாய்த்தான் வந்தேன். கொட்டிலுக்குள் மில் மெசின் ஒன்று நிலத்தோடு இறுக்கப்பட்டு நின்றது. யாக்கோப்பு கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். என்னுடைய ஸ்பனரால்.

“சறோ, இதென்ன?”

“மில்.”

“என்ரை கார்?”

“கழட்டினது நீங்கள்தானே. நான் ஒரு ஆணியும் தொடேல்லை.”

அது உண்மை. அவள் தண்ணீர்தான் ஊற்றினாள்.

“நான் திரும்பப் பூட்ட வேணுமே.”

“பூவரசுக்குக் கீழை வைச்சுப் பூட்டுங்கோ. ஆர் வேண்டாம் எண்டது?”

நான் யாக்கோப்பைப் பார்த்தேன். “உனக்கு இது தெரியுமே?”

அவன் தலையைச் சொறிந்தான். “அண்ணை, மெசின் வைகாசியிலையே வந்திட்டுது. எங்கடை கடற்கரை வாடியிலைதான் படங்குச் சீலையாலை மூடி வைச்சிருந்தனாங்கள். அக்கா சொன்னவ, அண்ணை முதல் கழட்டி முடிக்கட்டும் எண்டு.”

பால்மா ரின்னைக் கொட்டிப் பார்த்தேன். எல்லாப் போல்ற்றும் ஒரே சாயல். தேருக்குத் துஷாந்தியின் வானில், பின் சீற்றில், அவளுடைய பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து போனேன். முன் சீற்றில் சறோ இருந்தாள்.

மில் நன்றாக ஓடுகிறது. இத்தனை வருடம் அந்தக் கொட்டிலில் நான் ஒன்றையும் ஓட்டவில்லை; அவள் ஓட்டிக் காட்டிவிட்டாள்.

போன கிழமை எங்களுக்குள் சண்டை. காரணம் கத்தரிக்காய் முற்றல் என்பது. சந்தையில் வாங்கியவன் நான். நாலு சனம் கேட்க ஏசினாள். எனக்கு வந்த கோபத்தில் கால் தன்பாட்டில் கொட்டிலுக்குப் போனது. உள்ளே போன பிறகுதான் அங்கே ஏறி இருக்க எனக்கு ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. வேறு எங்கே போவது என்றும் தெரியவில்லை. அப்படியே நின்றேன். பின்னாலேயே அவள் வந்து மெசினைப் போட்டாள்.

“வந்தனீங்கள் சும்மா நிக்காதேங்கோ. உந்தச் செத்தல் மிளகாய்க்குக் காம்பு நுள்ளுங்கோ.”

சாக்கை விரித்துக் குந்தினேன். நுள்ளினேன். கொஞ்ச நேரத்தில் கண் இரண்டும் நிறைந்து வழிந்தது. சறோ மெசினை நிற்பாட்டிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நானும் பார்த்தேன்.

“அங்காலை திரும்பி இருங்கோ. ஈரம் பட்டால் மிளகாய் பூஞ்சணம் பிடிச்சிடும்.”