மூவாயிரத்து அறுநூற்று எண்பது மீற்றர்க்காரர்

மலைப் பக்கமே போகாதவர்கள் என்று மனிதரில் ஒரு பெரும் பிரிவு உண்டு. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. மலைக்குப் போய், ஏறி, இறங்கி, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் என்று ஒரு சிறு பிரிவு உண்டு. அவர்கள் போய் வந்ததே நமக்குத் தெரியவராது. மூன்றாவது பிரிவினர்தான் இங்கே நமக்கு வேண்டியவர்கள். இவர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை மலைக்குப் போவார்கள். பிறகு இறங்கவே மாட்டார்கள்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். சனிக்கிழமை பின்னேரம், முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் கறிவேப்பிலைக் கட்டுக்கும் நடுவில், ஜூலை மாத வெயிலிலும் காற்றுப் புகாத செம்மஞ்சள் ஜக்கற்றைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, மடக்கு ஊன்றுகோல் ஒன்றைக் கையில் பிடித்தபடி, வானத்தைப் பார்த்து ஒருவர் மூச்சை ஆழ இழுத்து விட்டுக்கொண்டு நிற்பாரானால் அவர்தான். கிட்டப் போகாதீர்கள். போய்விட்டீர்களா? அப்படியானால் தயவுசெய்து "சுகமோ?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

"இப்ப சுகம். மேலை இருக்கேக்கைதான் கொஞ்சம் கஷ்டப்பட்டனான்."

எங்கே மேலே என்று கேட்காமல் இருக்க உங்களால் முடியுமா? முடியாது. அரை மணித்தியாலம் போயிற்று.

நாம் எடுத்துக்கொண்ட மாதிரிக்கு ஞானரட்ணம் என்று பெயர். ஐம்பத்தெட்டு வயது. பாரிஸின் புறநகரான லா கூர்னெவில் ஒரு களஞ்சியத்தில் அரிசி மூட்டையும் தேங்காய்ப்பால் பெட்டியும் அடுக்குகிற பகுதிக்குப் பொறுப்பாளர். 2018ஆம் ஆண்டு மே மாதம் மனைவி இந்திராதேவியோடு இமயமலையில் உள்ள துங்கநாத் சிவன் கோயிலுக்குப் போய் வந்தார். வண்டி போய் நிற்கும் இடத்திலிருந்து கோயில் வாசல்வரை கல் பதித்த பாதை. நாலு கிலோமீற்றருக்கும் குறைவு. மலையேறிப் பழக்கமில்லாதவர்கள் முதல் தடவை ஏறுவதற்குத் தோதான பாதை. வழியில் தேநீர்க் கடைகள் உண்டு. கால் முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதையும் உண்டு. இந்த விவரம் எதையும் ஞானரட்ணத்தின் வாயிலிருந்து நீங்கள் கேட்க முடியாது. அவர் சொல்வது ஒன்றே ஒன்று: கடல் மட்டத்திலிருந்து மூவாயிரத்து அறுநூற்று எண்பது மீற்றர். உலகத்திலேயே மிக உயரத்தில் இருக்கும் சிவன் கோயில்களில் ஒன்று என்று அவருக்கு வழிகாட்டி சொல்லியிருந்தான். பாரிஸ் வந்து சேர்வதற்குள் அந்த "ஒன்று" எங்கோ விழுந்துவிட்டது.

உங்களுக்கு முதுகுநோவா? "மேலை ஒட்சிசன் பாதிதான், தெரியுமோ?" வீட்டில் வெப்பமூட்டி பழுதா? "மேலை மே மாசத்திலையும் பனி." மெத்ரோ ரயில் பகிஷ்கரிப்பா? "மேலை ஏது மெத்ரோ!" மகள் மிருணாளினி இந்த "மேலை" என்ற சொல் காதில் விழுந்ததுமே "பப்பா, ஓன்கோர்!" என்று, மறுபடியுமா என்பதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள்.

இந்த இனத்துக்கு இரண்டு வாய் உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். தான் ஏறியதைச் சொல்லும்போது மலை செங்குத்து, பனி முழங்கால்வரை, ஓரடி தவறினால் ஆளில்லை. "அப்ப எங்களாலை ஏலாதோ அண்ணை?" என்று நீங்கள் பயந்து கேட்டால் அடுத்த வாய் திறக்கும். "சீச்சீ! சின்னப்பிள்ளையளும் ஏறலாம். நல்லூர்க் கோயில் வீதி சுத்துற மாதிரி." ஒரே மலைதான். அவர் ஏறினால் செங்குத்து, நீங்கள் ஏறினால் சமதரை.

லா சப்பல் மெத்ரோ நிலையம் தெருவுக்கு மேலே உயரத்தில் இருக்கிறது அல்லவா? அந்தப் படிகளில் பாதியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்து, "இதுக்கே இப்பிடி மூச்சு வாங்கினால் அங்கை என்ன செய்வியள்?" என்பார். மூச்சு வாங்குவது அவர். யாரும் சுட்டிக்காட்டுவதில்லை.

படங்களும் உண்டு. கைத்தொலைபேசியில் இருநூற்றுப் பதினான்கு. கோயில் வாசலில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் இந்திராதேவி மட்டும் நிற்பார். "நீங்கள் எங்கை அண்ணை?" என்று லோறன்ஸ் ஒருமுறை கேட்டார். லோறன்ஸ் மன்னார்க்காரர், லா சப்பலில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கிறார், ஞானரட்ணத்தின் சனிக்கிழமை மேடை அந்தக் கடைதான்.

"படம் எடுக்கிறவன் படத்திலை வருவானோ?" என்றார் ஞானரட்ணம்.

"அதுசரி. நாங்கள் லூர்து மாதா கோயிலுக்குப் போனபோதும் இப்பிடித்தான்..." என்று லோறன்ஸ் தொடங்கினார்.

"லூர்து எத்தினை மீற்றர்?"

லோறன்ஸ் அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, கிரீடம்போல, விரதம். "கோயில் வாசலைக் காணுமட்டும் பச்சைத்தண்ணி பல்லிலை படேல்லை. வெறுவயித்தோடை ஏறினனான்." இதைச் சொல்லும்போது குரல் தாழும், கண் பாதி மூடும். கேட்கிறவர்கள் தம்மை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இனி, உங்களுக்கு மட்டும் ஒரு விஷயம். ஞானரட்ணம் கோயிலைப் பார்க்கவில்லை.

விரதம் உண்மை. அதில்தான் எல்லாம் கெட்டது. அதிகாலையில் எழுந்து, குளிர்நீரில் குளித்து, பாரிஸ் பனிக்காலத்துக்கு வாங்கிய கம்பளியெல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். "ரெண்டு பிஸ்கற்றாவது தின்னுங்கோவன்" என்றார் இந்திராதேவி. "கோயிலுக்குப் போறவன் தின்னுபோட்டே போறவன்?" என்று அதட்டினார். இந்திராதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு பிஸ்கற்றும் தின்று, தேநீரும் குடித்தார். இரண்டாவது கிலோமீற்றர் தாண்டியதும் ஞானரட்ணத்துக்குக் கண் இருட்டியது. ஒரு தேநீர்க் கடையின் மர வாங்கில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சரிந்தார்.

கடைக்காரன் நல்லவன். சீனி அள்ளிப் போட்டுப் பால்தேநீர் பருக்கினான். சுடச்சுட ஒரு தட்டு நூடில்ஸ் கொடுத்தான். ஞானரட்ணம் வழித்துச் சாப்பிட்டார். உயிர் வந்தது. கால் வந்தது. எழுந்து நின்று, "வா, போவம்" என்றுகூடச் சொல்லிவிட்டார். அப்போதுதான் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். முட்டை!

முட்டை தின்ற வாயோடு சிவன் கோயிலுக்கு எப்படிப் போவது? இருபது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் மரக்கறி சாப்பிட்ட மனிதர். இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர்தான். கால் நன்றாக இருக்கிறது, வானம் வெளித்திருக்கிறது, வயிற்றுக்குள் முட்டை இருக்கிறது. "நீ போட்டு வா" என்றார். வழிகாட்டியோடு இந்திராதேவி மேலே போனார். ஞானரட்ணம் இரண்டரை மணித்தியாலம் அந்த வாங்கில் இருந்து, வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்த்தார். அழுகைகூட வந்தது, பாவம்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவேயில்லை. விமான நிலையத்துக்குக் காரோடு வந்த லோறன்ஸ், "கோயில் எப்பிடி அண்ணை?" என்று கேட்டார். "அற்புதம்" என்றார் ஞானரட்ணம். அது பொய்யா? இல்லை. "வாசல்லை கால் வைக்கேக்கை உடம்பு சிலிர்க்கும்" என்பது தானாக வந்தது. பின் இருக்கையில் இருந்த இந்திராதேவி கண்ணாடி வழியாக நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஒரு வருடம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை. லோறன்ஸின் கடையில் ஏழெட்டுப் பேர். இந்திராதேவியும் வாசலோரத்தில் மரக்கறிப் பையோடு நின்றார். அப்போது தவரத்தினம் வந்தார். உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறவர். நீண்ட காலமாகச் சீனி வருத்தம், தினமும் இன்சுலின் ஊசி. மகள் துஷாந்திக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப் போய், மூன்றாவது நல்லபடியாகப் பிறந்து ஆறு மாதம். பிள்ளை தங்கினால் ஞானரட்ணம் அண்ணை ஏறிய மலையில் தானும் ஏறுவதாக நேர்த்தி வைத்திருந்தார்.

"ரிக்கெற் போட்டாச்சு அண்ணை. ஜூன் மாசம். உங்களை மாதிரியே வெறுவயித்தோடைதான் ஏறப்போறன்."

கடையில் இருந்தவர்கள் "ஆகா" என்றார்கள். ஞானரட்ணத்தின் கை ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தது.

"உமக்கு ஊசியெல்லோ, தவம்?" என்று தவரத்தினத்தைக் கேட்டார்.

"ஊசி போட்டால் சாப்பிடவேணும். சாப்பிட்டால் விரதம் இல்லை. அப்ப அண்டைக்கு ஊசியும் இல்லை."

"வருத்தக்காரர் சாப்பிடலாம். சாமி கோவிக்காது."

"நீங்கள் செய்ததை நான் செய்யாட்டி அது நேர்த்தியே அண்ணை? நீங்கள் பச்சைத்தண்ணியும் இல்லாமல்தானே ஏறினனீங்கள்?"

எல்லோரும் ஞானரட்ணத்தைப் பார்த்தார்கள். இந்திராதேவி மட்டும் கையிலிருந்த பையைப் பார்த்தார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் மானம் தப்பும். தவரத்தினம் அந்தப் பாதையில் எங்காவது சரிவார். தவரத்தினத்துக்குத் தேநீர் பருக்க யார் இருப்பார்கள்? அந்த வாங்கில் கண் இருட்டிய அந்த நிமிடம் ஞானரட்ணத்துக்கு அப்படியே திரும்பி வந்தது.

"தவம், நான் ஏறேல்லை" என்றார்.

லோறன்ஸ் தலையை ஆட்டினார். "பாத்தியளோ பணிவை? இவ்வளவு ஏறின மனிசன்!"

"எனக்கு ஒண்டும் வந்திடக்கூடாதெண்டு சொல்லுறார்" என்று தவரத்தினம் கண் கலங்கினார். "பெரிய மனசு அண்ணை உங்களுக்கு."

பாருங்கள், ஒரு வருடமாகச் சொன்ன பொய்யை எல்லோரும் நம்பினார்கள். ஒரே ஒருமுறை சொன்ன உண்மையை நம்ப ஆளில்லை. ஞானரட்ணம் இரண்டு தரம் சத்தியம் செய்தார். பணிவு இன்னும் கூடியது. கடைசியில் ஊன்றுகோலால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டி, கடை அதிரக் கத்தினார்:

"நான் பாதி வழியிலை மயங்கி விழுந்து முட்டை திண்டனான்!"

முட்டையை எல்லோரும் நம்பினார்கள். பெருமைக்காக யாரும் கோயில் வழியில் முட்டை தின்றதாகச் சொல்வதில்லை. தவரத்தினம் மெல்ல இந்திராதேவியின் பக்கம் திரும்பினார். இந்திராதேவி தலையசைத்தார்.

"அப்ப மேலை போனது..."

"நான்தான்" என்றார் இந்திராதேவி. "தம்பி, ஊசியைப் போட்டு வடிவாச் சாப்பிட்டிட்டு ஏறுங்கோ. கடைசித் துண்டு சரியான ஏத்தம். இருபது அடி நடந்தால் நிண்டு மூச்செடுக்கோணும். நான் கண்ட கண்ட கல்லிலை எல்லாம் இருந்தனான். உங்களுக்கு ஏலாட்டிக் கழுதையிலை போங்கோ. ஒரு வெக்கமும் இல்லை. கோயில் சின்னன். உள்ளை நாலு பேர் நிண்டால் இடம் முடிஞ்சுது. கும்பிட்டிட்டு வெளியிலை வந்து கொஞ்ச நேரம் அழுதனான்."

"ஏன் அக்கா?" என்று லோறன்ஸ் கேட்டார்.

"சும்மா. இருபது வருசமா லிஃப்ற் இல்லாத கட்டிடங்களிலை ஆறாம் மாடிவரைக்கும் ஏறி மற்ற ஆக்களின்ரை கந்தோரைக் கூட்டித் துடைச்சனான். அண்டைக்குத்தான் எனக்கெண்டு ஏறினனான்."

இதை ஞானரட்ணமும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார். மலையிலிருந்து இந்திராதேவி இறங்கி வந்தபோது மணி எத்தனை, விளக்கு எத்தனை, வாசல் எந்தப் பக்கம் என்று கதைக்குத் தேவையானதை எல்லாம் துருவிக் கேட்டிருந்தார். நீ அங்கே என்ன செய்தாய் என்று கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கு அவருக்கு முட்டையைவிட அதுதான் பெரிய வெட்கமாக இருந்தது.

தவரத்தினம் ஜூன் மாதம் போனார். ஊசி போட்டு, இரண்டு ரொட்டி சாப்பிட்டு, கோவேறு கழுதையில் ஏறி, பேரப்பிள்ளையின் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, நலமாக வந்து சேர்ந்தார். மறுநாளே வேலைக்குப் போனார். இரண்டாவது பிரிவு.

ஞானரட்ணம் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். மூன்று கிழமை வாய் திறக்கவில்லை. ஜக்கற் அலுமாரிக்குள் போயிற்று. நாலாவது கிழமை, ஓல்னே பக்கத்திலிருந்து வந்த, நடந்ததொன்றும் தெரியாத ஒருவர், "நீங்கள் இமயமலைக்குப் போனனீங்களாமே?" என்று கேட்டுவிட்டார். ஞானரட்ணம் ஆழ ஒரு மூச்சு விட்டார். கண் பாதி மூடியது.

"ஏறுறது ஆருக்கும் ஏலும் தம்பி. வாசல் கண்ணுக்குத் தெரியேக்கை, போதுமெண்டு நிண்டுபோறதுதான் கஷ்டம். அதுக்கு ஒரு மனப்பக்குவம் வேணும்."

அந்தத் தேநீர்க் கடையிலிருந்து பார்த்தால் கோயில் வாசல் தெரியாது. பக்கத்தில் நின்ற இந்திராதேவி அதைச் சொல்லவில்லை; இந்த முறை வாய்விட்டுச் சிரித்தார்.

நீங்களும் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் ஒன்று சொல்லுங்கள். இந்திராதேவி ஏன் அழுதார் என்று சொன்னபோது நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டா இருந்தீர்கள்? அல்லது நீங்கள் போய் வந்த மலையோ, கடலோ, கோயிலோ ஞாபகம் வந்து, இந்த ஆள் எப்போது நிறுத்துவார், நாம் எப்போது தொடங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்களா? வேண்டாம், எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தப் பயணத்தில் உங்களோடு கூட வந்தவர் வீட்டில் இருப்பார். அவர் அங்கே என்ன கண்டார் என்று போய் ஒருமுறை கேளுங்கள்.

கேட்டாயிற்றா? சரி. எத்தனையாவது வசனத்தில் குறுக்கே புகுந்தீர்கள்?