ஒற்றைக் கேபிள் வைபவம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நீண்ட காலம் சும்மா இருந்துவிட்டு, தலைநகர் கம்பாலாவில் எங்கள் ஊரக நீர் ஒருங்கிணைப்பு வாரியத்தின் கூட்ட அறையில் ஒரு டைப்-சி கேபிளைப் பொருத்தியது. இடையில் நடந்தவற்றைச் சிலர் வரலாறு என்கிறார்கள். நாங்கள் அதை 'முன்னேற்பாட்டுப் பணிகள்' என்று குறித்துக்கொள்கிறோம்.

கூட்ட அறை நவீனமயத் துணைக்குழுவின் செயலாளர் என்ற முறையில், அந்தப் பொன்னாளை உள்ளது உள்ளபடி பதிவு செய்வது என் கடமை.

முந்தைய இருண்ட காலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மேஜையின் நடுவில் ஓர் ஓட்டை. அதிலிருந்து பல குலத்துக் கேபிள்கள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுக்கு நீலத் தலை, உள்ளே கம்பிப் பற்கள். ஒன்றுக்குத் தட்டை உதடு. இன்னொன்று எதற்கு என்று அதைப் போட்டவருக்கே தெரியாது, அவர் ஓய்வு பெற்றுவிட்டார். யார் எந்தக் கணினியைக் கொண்டுவந்தாலும் எதுவும் பொருந்தாது. பொருத்துவதற்கான குட்டிச் சாதனங்கள் எல்லாம் தொழில்நுட்ப அலுவலர் ஓபோலோட்டின் மேஜை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடக்கும். சாவி ஓபோலோட்டிடம் இருக்கும். ஓபோலோட் எங்கேயாவது இருப்பார்.

ஆகவே கூட்டம் என்றால் முதலில் பிரார்த்தனை, பிறகு வந்திருக்கும் பெரிய மனிதர்களைப் பதவி வாரியாக விளித்து வணங்குதல், பிறகு கேபிள் தேடும் படலம், பிறகு சமோசாவுடன் தேநீர். அதோடு கூட்டம் கலையும். இந்த முறையில் வாரியம் பல ஆண்டுகள் ஒரு தவறான முடிவுகூட எடுக்காமல் இயங்கி வந்தது.

ஆனாலும் காலத்தோடு நடக்க வேண்டுமே! துணைக்குழு எந்தபே என்ற ஊரில் ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் தங்கி, பொரித்த திலாப்பியா மீன்களின் துணையோடு பிரச்சினையை ஆழமாக ஆராய்ந்தது. முடிவில் ஒரு தத்துவம் பிறந்தது: கருவிகள் ஆயிரம் இருக்கலாம், வாய் ஒன்றாக இருக்க வேண்டும். படம், ஒலி, இணையம், மின்சாரம் எல்லாம் ஒரே கேபிள் வழியாக. சுவரிலிருந்த மின் சாக்கெட்டுகளைக்கூட 'கொள்கைக்கு முரண்' என்று சிமெண்ட் பூசி அடைத்தோம். மேஜை ஓட்டையிலிருந்து ஒரே ஒரு கேபிள் மட்டும் தலைநீட்டியது. தடித்தது, கறுத்தது, கம்பீரமானது. ஒரே குறை, தன் கனம் தாங்காமல் அடிக்கடி மேஜையிலிருந்து சரிந்து விழும். பெரிய மனிதர்களுக்குச் சாய்ந்துகொள்ள ஏதாவது தேவைப்படுவது இயல்புதான்.

திறப்பு விழாவுக்குத் துணை அமைச்சர் மாண்புமிகு திபமான்யா ஒப்புக்கொண்டார். கேபிளைச் சோதித்துக் காட்ட யாராவது ஒருவர் திரையில் ஏதாவது காட்ட வேண்டும். வாரியத்தின் அனுமதிக்குக் காத்திருப்போரில் மூத்தவர், வடகிழக்குக் கோடியில் உள்ள கரமோஜாவிலிருந்து வந்த பொறியாளர் பெர்பெச்சுவா நாங்கிரோ. அவருடைய விஷயம் கொஞ்சம் வறண்டது, அடிபம்பு. பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

விழாவன்று காலை அவர் தோளில் ஒரு துணிப்பையோடு வந்தார். பையிலிருந்து கைக்கு அடக்கமான ஓர் இரும்புக் குழாய்த் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கப்ளிங் சார். இங்க காட்வே கடைத்தெருவுல ஒரு லேத் பட்டறையில உக்காந்து கடைஞ்சு வாங்கினேன். இந்தப் பக்க மரையைப் பாருங்க, அந்தப் பக்க மரையைப் பாருங்க. வேற வேற."

"ஏன் மேடம், தப்பாக் கடைஞ்சுட்டாங்களா?"

"எங்க பக்கம் பம்பு குடுத்த தருமவான் ஒவ்வொருத்தரும் அவங்க அவங்க நாட்டு அளவுல குடுத்துட்டுப் போயிட்டாங்க சார். ஒண்ணோட பைப்பு இன்னொண்ணுல ஏறாது. நாகோலெங் சுகாதார நிலையத்துல மேல பம்பு நல்லாருக்கு, கீழ பைப்பு போச்சு. பக்கத்து ஊர்ல பைப்பு நல்லாருக்கு, பம்பு போச்சு. ரெண்டையும் சேத்து வைக்கத்தான் இது."

"கல்யாணத் தரகர் மாதிரி!"

"அதேதான். பிரசவத்துக்கு வர்ற பொண்ணுங்க வயித்தையும் தூக்கிட்டு, தலையில ஜெரிக்கேன் தண்ணியையும் தூக்கிட்டு வர்றாங்க சார். வாரியம் 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே பஸ் ஏறி, போய்ப் பூட்டிடுவேன். சொல்லாம பூட்டினா அங்கீகாரம் இல்லாத பொருளைப் பூட்டினேன்னு என்னை வீட்டுக்கு அனுப்பிருவீங்க."

"கவலையே படாதீங்க. இன்னைக்கு உங்க விஷயம் ஒரே கேபிள்ல போகப் போகுது."

"எங்க போகும்?"

"திரைக்கு" என்றேன், பெருமையோடு.

அமைச்சர் தம் தகுதிக்கேற்ற தாமதத்தில் வந்து சேர்ந்தார். அப்போதுதான் ஓபோலோட் என் காதைக் கடித்தார்.

"அண்ணே, ரிப்பன் வாங்க மறந்துட்டேன்."

வாரியத் தலைவர் டாக்டர் கியோபேக்கு வியர்த்துவிட்டது. "என்னய்யா சொல்ற? ஒரு அமைச்சர் வந்து எதையும் வெட்டாம திரும்பிப் போனதா இந்த நாட்டுல சரித்திரமே கிடையாது!"

நெருக்கடியில்தான் தலைமை வெளிப்படும். தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் பழைய நீலத் தலைக் கேபிள் சுருண்டு கிடந்தது. அதை வாசலின் குறுக்கே கட்டச் சொன்னார். கத்தரிக்கோல் அதைக் கண்டு பின்வாங்கியது. தோட்டக்காரரின் அரிவாள் வந்தது. அமைச்சர் கோட்டைக் கழற்றிவிட்டு ஒரே வீச்சில் வெட்டினார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. "பொருந்தாமை என்ற அடிமைத்தனம் இன்றோடு ஒழிந்தது" என்று அவர் முழங்கினார். பாதிரியார் கேபிளுக்கு நீண்ட ஆயுள் வேண்டிப் பிரார்த்தித்தார்.

நாங்கிரோ தம் கணினியைத் திறந்தார். வாரியம் எப்போதோ மாவட்டங்களுக்கு வழங்கிய கணினி. டைப்-சி ஓட்டை அதில் இல்லை. பக்கவாட்டில் அகன்ற நீல வாய் ஒன்று மட்டும் இருந்தது.

"இதுக்கு அந்த நீலத் தலை கேபிள் வேணுமே சார். எங்க இருக்கு?"

ஓபோலோட் வாசலைக் காட்டினார். "அங்க பாதி. இங்க பாதி."

"மாத்திப் போடுற குட்டிச் சாமான்?"

"அதெல்லாம் போன வாரமே ஏலத்துல போயிருச்சு. புதுக் கொள்கையில அதுக்கு இடம் இல்லல்ல?"

ஆனால் ஓபோலோட் லேசுப்பட்டவர் அல்ல. படங்களைப் பென்டிரைவில் ஏற்றித் தம் புதுக் கணினிக்கு மாற்றிவிட்டார். நிமிர்ந்து கேபிளுக்குக் கை நீட்டினால், கேபிள் வேலையாக இருந்தது. அமைச்சரின் வீட்டில் முந்தின இரவு முழுக்க மின்சாரம் இல்லை. அவருடைய கைபேசி உயிரை விடும் நிலையில் இருந்தது. சொருகிவிட்டார்.

படமும் மின்சாரமும் ஒரே கேபிள் என்றோம் அல்லவா? கொள்கை உடனே வேலை செய்தது. அமைச்சரின் கைபேசி முழுவதும் சுவர் உயரத்துக்குத் திரையில் விரிந்தது. 'ஜூனியரின் அம்மா' என்ற பெயரில் அவர் வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது.

"மட்டோக்கே ரெண்டு குலை. பச்சையா இருக்கணும். போன தடவை மாதிரி பழுத்துப் போனதைத் தூக்கிட்டு வந்தா நீங்களே உக்காந்து தின்னுங்க."

எங்கள் வாரியத்தின் நிலையாணை மிகத் தெளிவானது: திரையில் தோன்றுவது மட்டுமே நடவடிக்கைக் குறிப்பில் ஏறும், திரையில் தோன்றாதது நடக்கவில்லை. நான் எழுதிக்கொண்டேன். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"வாழைக்குலை சம்பந்தமா ஒரு முன்மொழிவு வந்திருக்கு. ஆட்சேபணை யாருக்காவது?"

அமைச்சர் நெளிந்தார். "அது... வீட்டு விஷயம்யா, கியோபே."

"வீடுதானே ஐயா நாட்டுக்கு அஸ்திவாரம்!"

ஆட்சேபணை இல்லை. ஏகமனதாக நிறைவேறியது. "கரியும் தீந்து போச்சு" என்று அடுத்த செய்தி வந்தது. திருத்தமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நாங்கிரோ எழுந்தார். "ஐயா, அந்தப் போனைக் கொஞ்ச நேரம் கழட்டினா நான் படத்தைக் காட்டிருவேன்."

தலைவர் அதிர்ந்துபோனார். "அமைச்சரைக் கழட்டச் சொல்றீங்களா?"

"போனை, ஐயா."

"நாங்க அப்படிப் பிரிச்சுப் பாக்கிறது இல்லம்மா."

அமைச்சர் நல்ல மனிதர். "படம் எதுக்கு? வாயாலயே சொல்லுங்கம்மா" என்றார். நான் அவர் காதில் நிலையாணையை நினைவூட்டினேன். "சரி, சொல்லட்டும்யா. எழுத வேண்டாம், கேப்போம்" என்றார்.

நாங்கிரோ கப்ளிங்கை மேஜைமேல் வைத்தார். பம்பைச் சொன்னார், பைப்பைச் சொன்னார், ஜெரிக்கேன்களைச் சொன்னார். "ஒரு பொண்ணு வாசப்படியிலயே விழுந்துட்டா ஐயா. தண்ணி கொட்டிப் போச்சேன்னுதான் அழுதா, வலிக்குன்னு அழல." அமைச்சர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாரியம் ஒரு முடிவுக்கு மிக அருகில் வந்துவிட்ட ஆபத்தான கணம் அது.

நல்லவேளையாகக் கேபிள் சரிந்தது. சும்மாவா சரிந்தது? அமைச்சரின் கைபேசியையும் இழுத்துக்கொண்டு மேஜை விளிம்பில் ஊசலாடியது. எல்லோரும் பாய்ந்தார்கள். தலைவர் கைபேசியைத் தாங்கிப் பிடித்தார். ஓபோலோட் கண் இமைக்கும் நேரத்தில் நாங்கிரோவின் கப்ளிங்கை எடுத்தார். கேபிளின் தலையைக் கழற்றி ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்து, மறுபடி கைபேசியில் சொருகினார். மேஜைமேல் நிறுத்தினார்.

அசையவில்லை. இரும்பின் கனத்தில் கேபிள் ராஜாவைப் போல நிமிர்ந்து நின்றது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு அண்ணே!" என்றார் ஓபோலோட்.

"அளவெடுத்துத்தான் செஞ்சது" என்றார் நாங்கிரோ. "பம்புக்கு."

அதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. "இதுதான்யா உள்நாட்டுத் திறமை! கரமோஜாவுல இருந்து ஒரு பொண்ணு தலைநகரத்தோட பிரச்சினையைத் தீத்து வச்சிருக்கு" என்று அமைச்சர் உணர்ச்சிவசப்பட்டார். பாராட்டுத் தீர்மானம் போட்டோம். பாராட்டையும் திரையில் காட்ட முடியாததால் குறிப்பில் ஏற்றவில்லை. சொத்துப் பிரிவு அலுவலர் வந்து கப்ளிங்கின்மேல் வாரிய முத்திரை ஒட்டிவிட்டுப் போனார்.

தேநீர் வந்தது. சமோசா, வறுத்த நிலக்கடலை. நாங்கிரோ எதையும் தொடாமல் தலைவர் முன் நின்றார்.

"ஐயா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. என் கப்ளிங்கைக் குடுத்தீங்கன்னா கிளம்பிருவேன்."

"முத்திரை விழுந்த பொருள் வாசலைத் தாண்டாதும்மா. சட்டம்."

"அப்போ அனுமதியையாவது குடுங்க. வேற ஒண்ணு கடைஞ்சுக்கிறேன்."

"மாதிரி ஒண்ணு எங்ககிட்ட ஒப்படைச்சாத்தானே அனுமதி பத்தி யோசிக்க முடியும்?"

"அதான் ஐயா மாதிரி! உங்க மேஜையில நிக்குது!"

தலைவரின் முகம் மலர்ந்தது. "அடடே, அப்போ பாதி வேலை முடிஞ்சே போச்சு! சந்தோஷமா ஊருக்குப் போய்ட்டு வாங்க. அடுத்த கூட்டத்துல திரையில காட்டிருங்க, முடிச்சிரலாம்."

"எந்தக் கேபிள்ல?"

தலைவர் சமோசாவை வாயில் போட்டுக்கொண்டார். வாயில் உணவு இருக்கும்போது பதில் சொல்லக் கூடாது என்பது நாகரிகம்.

நான் நாங்கிரோவை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். துணிப்பை இப்போது தொளதொளவென்று தொங்கியது. படியில் கிடந்த நீலக் கேபிளின் பாதியைத் தாண்டும்போது நின்றார்.

"செயலாளர் சார், அந்தக் கப்ளிங்குக்கு அப்பப்போ கொஞ்சம் எண்ணெய் தடவி வைங்க. இல்லாட்டி துருப் பிடிச்சிரும்."

"கூட்ட அறையில ஏது மேடம் தண்ணி? துருவெல்லாம் பிடிக்காது."

"ஆமா" என்றார். "நான்தான் மறந்துட்டேன். தண்ணி இல்லாத இடத்துல எதுவும் கெட்டுப் போகாது." வாசலில் நின்ற பைக் டாக்சியில் ஏறிப் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார்.

வாரியத்தின் செயல்வேகத்தைக் குறை சொல்பவர்கள் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் வாரிய வண்டி, இரண்டு குலை மட்டோக்கேயையும் ஒரு மூட்டை கரியையும் அமைச்சர் வீட்டில் இறக்கிவிட்டது. குலைகள் பச்சையாகவே இருந்தன. ஒரு தீர்மானம் நிறைவேறிய அன்றே செயலுக்கு வந்தது எங்கள் வரலாற்றில் அதுவே முதல் முறை. ஒற்றைக் கேபிளின் வெற்றிக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இப்போது மற்ற வாரியங்களிலிருந்தெல்லாம் குழுக்கள் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன. கேபிளைவிட, அதைத் தாங்கி நிற்கும் இரும்பைத்தான் வியக்கிறார்கள். ஒரு பக்கம் ஒரு மரை, மறுபக்கம் வேறு மரை, என்ன அழகான வேலைப்பாடு என்று தடவிப் பார்க்கிறார்கள். எதற்காக இப்படி என்று கேட்டால், 'அலங்காரம்' என்று சொல்கிறோம்.

கேபிள் அதன் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை.

நாகோலெங்கில் பம்பை அடித்தால் காற்று வருகிறது.