மெயினை அணைத்த பிறகும் மின்னியது

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம். அங்கே நீங்களும் தங்கச்சியும் சௌக்கியம்தானே? கண்புரை ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே நீங்கள் எழுந்து வெளியே போய்விடுகிறீர்களாம். உங்கள் பயத்தைப் போக்கத்தான் எழுதுகிறேன். செய்துகொண்டவன் சொல்கிறேன், அது ஒன்றுமே இல்லை.

கட்டைப் பிரித்ததும் உலகத்தைக் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சாம்பல் நிறம் என்று நினைத்து நான் போட்டுக்கொண்டிருந்த சட்டை அசல் ஊதா. "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றால், "சொன்னா கேக்கிற ஆளா நீங்க?" என்கிறாள் உங்கள் அக்கா. டாக்டரும் நிறையச் சொன்னார். கண்ணைக் கசக்காதே, சொட்டு மருந்தை நிறுத்தாதே, வலித்தாலோ சிவந்தாலோ உடனே வா என்பதுவரை கேட்டேன். மீதியெல்லாம் உங்கள் அக்கா காதில்தான் விழுந்தது. நான் அவர் அறையில் சுவிட்ச் போர்டு கோணலாக இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயுள் முழுக்க ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் புத்தி வேறெங்கே போகும்?

சில வாரம் நன்றாகத்தான் போயிற்று. திடீரென்று ஒரு கொசு வந்தது, கூடவே அதன் குஞ்சு குளுவான்கள். அடித்தால் சாகவில்லை, விரட்டினால் போகவில்லை, நான் திரும்பின பக்கமெல்லாம் கூடவே திரும்பியது. மாடிவீட்டு வாத்தியார் கன்னத்தில் அது உட்கார்ந்ததும் விட்டேன் ஒரு அறை. அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. மறுநாள் பொழுது சாய்கிற நேரம், கூடத்து ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல். வயரில்தான் கோளாறு என்று ஏணி போட்டுக் கூடத்துப் போர்டைக் கழற்றினேன், சமையலறைப் போர்டைக் கழற்றினேன், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் மெயினையே அணைத்தேன். வீடு கும்மிருட்டு.

"இப்பவும் மின்னுது பாரு!"

"எங்க?"

"அந்த மூலைல." திரும்பினேன். "இல்ல, இந்த மூலைல."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா கேட்டாள்: "மெயினை அணைச்சப்புறம் கரண்டு எங்கேருந்துங்க வரும்?"

"அதான் எனக்கும் புரியல. பக்கத்து வீட்டுலேருந்து கசியுதோ என்னவோ."

"கசியுறது உங்க கண்ணுல. டாக்டர் இதைத்தான சொன்னாரு! ஏணியை விட்டு இறங்குங்க."

கையில் இருந்த டெஸ்டரோடேயே வண்டியில் ஏற்றிவிட்டாள். டாக்டர் மருந்து விட்டு, விளக்கடித்து, உள்ளே எட்டிப் பார்த்தார். "விழித்திரைல ஒரு கிழிசல் இருக்கு. நல்லவேளை, இன்னும் பிரியல. இப்பவே லேசர் வெச்சுடலாம். எல்லாருக்கும் இப்படி வராது. ஆனா வந்தா அன்னைக்கே ஓடி வரணும், இல்லேன்னா பார்வையே போயிடும்."

"அப்ப அந்தக் கொசு?"

"அதுவும் உள்ளதான் சார் இருக்கு."

வெளியே காத்திருந்தபோது உங்கள் அக்கா வாயே திறக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். அப்போதுதான் மச்சான் எனக்குப் பயமே வந்தது. "ஏதாவது திட்டேன்" என்று கேட்டுக்கூடப் பார்த்தேன். ம்ஹூம். லேசர் முடிந்து, "நல்லா தெரியுதும்மா" என்று நான் சொன்ன பிறகுதான் ஆரம்பித்தாள். இன்னும் முடித்தபாடில்லை, எனக்கும் அவசரமில்லை.

ஆகவே துணிந்து போய்ப் படுங்கள். மின்னலோ, கறுப்புப் புள்ளியோ, ஓரத்தில் திரை இழுத்த மாதிரியோ தெரிந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ஏணியைத் தேடாதீர்கள். தங்கச்சிக்கு என் அன்பு. உங்கள் இரண்டு கண்ணும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பி.கு.: ஒட்டப்போகும் சமயம் தங்கச்சி போன் செய்தாள். உங்களுக்கு நேற்றே ஆபரேஷன் முடிந்து, ஜம்மென்று டி.வி. பார்க்கிறீர்களாம். "உங்க கதை எதுவும் தெரியாததால்தான் அண்ணே அவர் தைரியமாப் போனாரு, தயவுசெய்து எதையும் எழுதிடாதீங்க" என்றாள். எனவே மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். மின்னினால் மட்டும் படிக்கவும்.